ஃபயர்ஃபிளை ஏன் நின்றது, எப்படிப் பார்ப்பது: என்னிடம் வந்துகொண்டே இருக்கும் கேள்விகள்

இந்தத் தொடரை யாருக்காவது பரிந்துரைத்தால் ஒரு வாரத்துக்குள் போன் வரும். பாதிப் பேர் "முதல் எபிசோடே புரியலையே" என்பார்கள். மீதிப் பேர் பதினாலையும் முடித்துவிட்டு, "இதைப் போயா நிறுத்தினாங்க?" என்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இருக்கின்றன. கதையின் பெரிய திருப்பம் வரும் இடத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.

ஃபயர்ஃபிளைன்னா என்ன? பேர் மட்டும்தான் கேள்விப்பட்டிருக்கேன்.

2002-ல் அமெரிக்காவின் ஃபாக்ஸ் சேனலில் வந்த அறிவியல் புனைகதைத் தொடர். உருவாக்கியவர் ஜாஸ் வீடன், கூடவே இருந்து நடத்தியவர் டிம் மினியர். கதை 2517-ல் நடக்கிறது. மனிதர்கள் பூமியை விட்டு வேறொரு மண்டலத்தில் குடியேறிவிட்டார்கள். நடுவிலுள்ள பணக்காரக் கிரகங்களை ஆளும் 'அலையன்ஸ்' அரசு, ஓரத்துக் கிரகங்களையும் போர் தொடுத்து அடக்கிவிட்டது. அந்தப் போரில் தோற்ற மால்கம் ரெனால்ட்ஸ், ஆறு வருடம் கழித்து ஒரு பழைய சரக்குக் கப்பலை வைத்துக்கொண்டு கடத்தல், திருட்டு, எப்போதாவது நேர்மையான கூலி என்று காலம் தள்ளுகிறார். கப்பலின் பெயர் செரினிட்டி. அவர் தோற்ற போர்க்களத்தின் பெயரும் அதுதான். ஃபயர்ஃபிளை என்பது அந்தக் கப்பலின் ரகம்.

கப்பலில் ஒன்பது பேர். கேப்டன் மால், போரில் அவரோடு நின்ற ஸோயி, அவள் கணவனும் விமானியுமான வாஷ், மெக்கானிக் கெய்லி, காசுக்குச் சண்டை போடும் ஜெயின், மதிப்புமிக்க கணிகையான இனாரா, போதகர் புக், டாக்டர் சைமன், சைமன் ஒளித்து அழைத்துவரும் தங்கை ரிவர். அரசு ரிவரின் மூளையில் ஏதோ செய்திருக்கிறது. பெரிய கதை அது. ஆனால் எனக்கு இந்தத் தொடர் பிடித்துப்போனது ஒரு சின்ன விஷயத்தில். புக் கப்பலில் ஏறும்போது கூலியோடு ஒரு பெட்டி ஸ்ட்ராபெரி கொடுப்பார். டப்பா உணவிலேயே வாழும் கெய்லி அதில் ஒன்றை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு கடிப்பாள். அந்த உலகத்தில் எது அபூர்வம், எது எட்டாதது என்று அந்த ஒரு கடியில் தெரிந்துவிடும்.

மொத்தம் எத்தனை எபிசோட்? ஒருத்தர் 11ங்கிறார், இன்னொருத்தர் 14ங்கிறார்.

இருவரும் சொல்வது சரி. எடுத்தது 14, ஃபாக்ஸ் ஒளிபரப்பியது 11. 2002 செப்டம்பர் 20-ல் தொடங்கி டிசம்பர் 20-ல் முடித்துவிட்டார்கள். 'ட்ராஷ்', 'த மெசேஜ்', 'ஹார்ட் ஆஃப் கோல்ட்' என்ற மூன்றும் அமெரிக்காவில் வரவே இல்லை. 2003-ல் பிரிட்டனின் சைஃபை சேனலில்தான் முதலில் வந்தன. அந்த வருடம் டிசம்பரில் வெளிவந்த டிவிடியில் பதினாலும் இருக்கின்றன.

எந்த வரிசையில பார்க்கணும்? நெட்ல ரெண்டு வரிசை இருக்கு.

'செரினிட்டி' என்ற இரண்டு மணி நேர எபிசோடில் தொடங்குங்கள். அடுத்து 'த ட்ரெயின் ஜாப்'. முடிவில் 'ஆப்ஜெக்ட்ஸ் இன் ஸ்பேஸ்' வர வேண்டும். உங்கள் பட்டியலில் இந்த மூன்றும் அந்தந்த இடத்தில் இருந்தால், அது டிவிடி வரிசைதான். படைத்தவர்கள் நினைத்த வரிசையும் அதுவே.

'த ட்ரெயின் ஜாப்' முதலில் இருந்தால் அது டிவியில் வந்த வரிசை. அதைத் தொடவே தொடாதீர்கள். "முதல் எபிசோடே புரியலை" என்று எனக்குப் போன் செய்தவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் மாட்டிக்கொண்டார்கள். 'செரினிட்டி' என்றே 2005-ல் ஒரு திரைப்படமும் வந்திருப்பதால், முதல் எபிசோடு என்று நினைத்துப் படத்தைப் போட்டுவிடுபவர்களும் உண்டு. படம் கடைசியில்.

விண்வெளிக் கதைன்னு சொல்லிட்டு குதிரை, மாடு, கைத்துப்பாக்கின்னு வருதே?

வேண்டுமென்றே செய்தது. ஓரத்துக் கிரகங்களில் ஆட்களைக் கொஞ்சம் போர்வை, கோடாரி, மாடு கன்றோடு இறக்கிவிட்டு அரசு போய்விட்டது. எரிபொருள் விலையில் வண்டி ஓட்ட முடியாது, குதிரைக்குப் புல் போதும். யோசித்துப் பார்த்தால் இதுதான் நடைமுறைக்கு ஒத்து வரும். நடுக்கிரகங்களில் போய்ப் பாருங்கள், 'ஏரியல்' எபிசோடில் வரும் மருத்துவமனை பளபளவென்று இருக்கும். ஒரே காலத்தில் இரண்டு வாழ்க்கை.

அப்புறம் ஒன்று கவனியுங்கள். கப்பல் விண்வெளியில் பறக்கும்போது சத்தமே வராது. காற்றில்லாத இடத்தில் ஒலி ஏது? மற்ற தொடர்கள் அங்கே வெடிச்சத்தம் போடும்போது, இதில் ஒரு கிடாரோ வயலினோ மட்டும் கேட்கும். கேமராவும் கையில் பிடித்து எடுத்ததுபோல லேசாக ஆடும், தேடும், தாமதமாக ஃபோகஸ் ஆகும். விண்வெளிக் காட்சிகளும் அப்படித்தான். 2003-ல் காட்சி விளைவுகளுக்காக எம்மி விருது கிடைத்தது.

சரி, இவ்வளவு நல்லா இருக்குன்னா ஏன் நிறுத்தினாங்க?

பார்த்தவர்கள் எண்ணிக்கை குறைவு. சராசரியாக ஓர் எபிசோடுக்கு 47 லட்சம் பேர், அந்த சீசனின் தரவரிசையில் 98-ஆவது இடம். அன்றைய பெரிய சேனலுக்கு அது போதாது. ஆனால் அந்த எண்ணிக்கை ஏன் குறைந்தது என்பதில்தான் ரசிகர்களின் ஆற்றாமை எல்லாம் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை இரவு 8 மணிக்குப் போட்டார்கள். அமெரிக்காவில் இளவட்டங்கள் வீட்டில் இருக்காத நேரம். வீடன் எடுத்துக் கொடுத்த இரண்டு மணி நேரத் தொடக்கம் மெதுவாக இருக்கிறது, கேப்டன் இறுக்கமாக இருக்கிறார் என்று ஒதுக்கிவிட்டு, விறுவிறுப்பாக வேறொன்று கேட்டார்கள். வீடனும் மினியரும் ஒரே வார இறுதியில் உட்கார்ந்து 'த ட்ரெயின் ஜாப்' எழுதினார்கள். நல்ல எபிசோடுதான். ஆனால் யார் இந்த ஒன்பது பேர், எப்படிச் சேர்ந்தார்கள், ரிவரை ஏன் ஒளித்துவைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் தெரிந்த ஒருவருக்குத்தான் அது முழுதாக ருசிக்கும். உண்மையான முதல் எபிசோடை எப்போது போட்டார்கள் தெரியுமா? டிசம்பர் 20-ல், கடைசியாக. கேப்டனும் டாக்டரும் முதன்முதலில் சந்திக்கும் காட்சியை, தொடர் முடிந்துபோன இரவில் காட்டினார்கள்.

நடுவிலும் வரிசையைக் கலைத்தார்கள். நான்காவதாக வர வேண்டிய 'ஷிண்டிக்' ஆறாவதாக வந்தது, ஆறாவது மூன்றாவதாகப் போனது. அக்டோபரில் ஒரு வாரம் எபிசோடே வரவில்லை, நவம்பர் நடுவில் விட்டது டிசம்பரில்தான் தொடர்ந்தது. விளம்பரமோ இது ஏதோ கலகலப்பான அடிதடிக் கூத்து என்பது போலச் செய்யப்பட்டது. அதை நம்பி வந்தவர்கள் ஏமாந்தார்கள், பிடித்திருக்கக்கூடியவர்கள் வரவில்லை.

ரேட்டிங் இல்லைன்னா நிறுத்தத்தான் செய்வாங்க. சேனல்காரங்களை மட்டும் திட்டுறது நியாயமா?

நியாயமான கேள்வி. இந்த மாதிரி கதைக்குப் பணம் போட முன்வந்ததும் அதே சேனல்தான். கப்பலின் உள்பக்கத்தை ஒவ்வொரு தளமாக, அறைக்கு அறை தொடர்ச்சியாகக் கட்ட விட்டார்கள். அதனால்தான் கேமரா வெட்டே இல்லாமல் நடிகரோடு நடந்துபோக முடிகிறது, அந்தக் கப்பல் நமக்கு வீடு மாதிரி பழகிப்போகிறது. அதற்குச் செலவு எவ்வளவு ஆகியிருக்கும்! கூட்டம் வராத கடையை எத்தனை நாள் திறந்து வைப்பார்கள் என்று கேட்டால் என்னிடம் மறுப்பு இல்லை.

எனக்கு வருத்தம் வேறு. ஒரு தொடரை அதன் வரிசையில், அதன் தொடக்கத்தோடு காட்டி, அதன் பிறகும் ஆள் வரவில்லை என்றால் தோற்றது என்று ஒப்புக்கொள்ளலாம். ஃபயர்ஃபிளையை அப்படி யாருக்கும் காட்டவே இல்லை. முழுதாக, சரியான வரிசையில் முதலில் பார்த்தவர்கள் டிவிடி வாங்கியவர்கள்தான். 2005-க்குள் அது ஏறத்தாழ 5 லட்சம் பெட்டிகள் விற்றது.

ரசிகர்கள் போராடினாங்கன்னு சொல்றீங்களே, என்னதான் செஞ்சாங்க?

2002 டிசம்பரிலேயே பணம் திரட்டி, திரைத்துறையினர் படிக்கும் வெரைட்டி பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்கள். யுபிஎன் என்ற இன்னொரு சேனலாவது எடுத்து நடத்தட்டும் என்று அஞ்சலட்டைகளாக அனுப்பிக் குவித்தார்கள். இரண்டும் பலிக்கவில்லை. ஆனால் நான் மேலே சொன்ன டிவிடி விற்பனையும் இந்தக் கூட்டமும் சேர்ந்து யுனிவர்சல் ஸ்டுடியோவின் கவனத்துக்குப் போயின. நிறுத்தப்பட்ட தொடர், வேறு ஸ்டுடியோவில், அதே ஒன்பது நடிகர்களோடு திரைப்படம் ஆனது. எனக்குத் தெரிந்து டிவி உலகில் இது மிக அரிது.

இவர்கள் தங்களை 'பிரௌன்கோட்' என்று அழைத்துக்கொள்வார்கள். போரில் தோற்ற பக்கத்து வீரர்கள் போட்டிருந்த பழுப்பு நிறக் கோட்டிலிருந்து வந்த பெயர். 2006 முதல் பல நகரங்களில் படத்தைத் திரையிட்டு, ஈக்வாலிட்டி நவ் என்ற பெண்ணுரிமை அமைப்புக்கு நிதி சேர்த்துக் கொடுத்துவருகிறார்கள். 2007-ல் ஸ்டீவன் ஸ்வான்சன் என்ற நாசா விண்வெளி வீரர் தொடரின் டிவிடியையும் படத்தின் டிவிடியையும் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கே கொண்டுபோனார். அந்தச் செய்தியை எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கும்.

ஆரஞ்சு, மஞ்சள்ல ஒரு கம்பளித் தொப்பி போட்டுட்டு நிக்கிறாங்களே, அது என்ன?

'த மெசேஜ்' எபிசோடில் ஜெயினுக்கு அவன் அம்மா பின்னி அனுப்பும் தொப்பி. காது மூடும், உச்சியில் குஞ்சம் இருக்கும், பார்க்கச் சகிக்காது. கப்பலிலேயே முரடன் அவன். கடிதத்தைத் தட்டுத்தடுமாறி வாசித்துவிட்டு, தொப்பியை அங்கேயே மாட்டிக்கொண்டு, பெருமையோடு நிற்பான். கழற்றவே மாட்டான். ரசிகர்கள் தாங்களே பின்னி ஒருவருக்கொருவர் கொடுக்க ஆரம்பித்தார்கள், சிலர் விற்றார்கள். 2013-ல் ஃபாக்ஸ் அந்தத் தொப்பிக்கு ஒரு நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்தபின், கையால் பின்னி விற்றவர்களுக்கு நோட்டீஸ் போனது. சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் அம்மா பின்னிய தொப்பி என்பதுதானே அதன் அழகு?

அந்த எபிசோடுக்கு இன்னொரு சோகமும் உண்டு. கடைசியாகப் படம்பிடிக்கப்பட்டது அதுதான். நிறுத்தப்போகிறார்கள் என்ற செய்தி தெரிந்தபின் கிரெக் எட்மன்சன் அதன் சவ ஊர்வலக் காட்சிக்கு இசை அமைத்தார். தொடருக்கே அவர் சொன்ன விடை அது. தெரிந்துகொண்டு கேட்டுப் பாருங்கள்.

நேரம் இல்லை. படத்தை மட்டும் பார்த்தா போதுமா?

புரியும், ஆனால் வலிக்காது. தொடரைப் பார்க்காதவருக்கு அது நல்ல ஒரு சாகசப் படம், 2006-ல் அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருது வாங்கிய படம். தொடரைப் பார்த்தவருக்கு நெருங்கிய உறவில் நடந்த துக்கம். தயவுசெய்து தொடரை முதலில் பாருங்கள்.

படமும் ஓடலைன்னு சொல்றாங்களே?

ஏறத்தாழ 3.9 கோடி டாலர் செலவு, உலகம் முழுக்க வசூல் ஏறத்தாழ 4 கோடி. வசூலில் தியேட்டர்காரர்கள் பங்கும் போகும் என்பதால் அது லாபம் இல்லை. 2005 மே மாதத்திலேயே பத்து நகரங்களில் முன்னோட்டக் காட்சிகள் வைத்தார்கள், டிக்கெட் உடனே தீர்ந்தது. இந்த வேகத்தைப் பார்த்து எல்லோரும் பெரிய வெற்றி என்று எதிர்பார்த்தார்கள். கடைசியில், வெறியாக நேசிப்பவர்கள் இருந்தார்களே தவிர, புதிதாக வருபவர்கள் குறைவு. இரண்டாவது படம் எடுக்கப்படவில்லை.

வாஷை ஏன் சாகடிச்சாங்க? (படம் பார்க்காதவர்கள் இந்தப் பதிலைத் தாண்டிப் போங்கள்.)

எனக்கு வரும் கேள்விகளில் அதிகக் கோபத்தோடு வருவது இதுதான். உடைந்துபோன கப்பலை எப்படியோ தரையிறக்கி, மூச்சு விட்டு, ஒரு வாக்கியம் சொல்லி முடிப்பதற்குள் கண்ணாடியை உடைத்துக்கொண்டு ஈட்டி பாய்கிறது. புக் ஏற்கெனவே இறந்துவிட்டார். நமக்கு அழக்கூட நேரம் கொடுக்க மாட்டார்கள். ஸோயிக்கும் கொடுக்கவில்லை.

ஒரு பார்வையாளனாக எனக்கு அதன் காரணம் விளங்குகிறது. அதற்குப் பிறகு வரும் சண்டையில் யாரும் தப்புவார்கள் என்று நம்ப முடியாது, ஒவ்வொரு குண்டுக்கும் பதறுவோம். மிராண்டா கிரகத்தில் மூன்று கோடிப் பேர் அரசு கலந்த மருந்தால் படுத்தபடியே செத்துப்போனார்கள் என்ற உண்மையை உலகத்துக்குச் சொல்ல இவர்கள் கொடுக்கும் விலையும் நிஜமாகிறது. இருந்தாலும் தொடர்ந்து வந்திருக்க வேண்டிய கதைக்கு அது பெரிய இழப்பு. அந்தத் தம்பதியை மணமானவர்களாகக் காட்ட வேண்டாம் என்று சேனல் சொன்னபோது விட்டுக்கொடுக்காதவர் வீடன். மகிழ்ச்சியான கணவன் மனைவியை டிவியில் காண்பது அரிது. அவரே அதை உடைத்தார். நான் இன்னும் மன்னிக்கவில்லை.

தோத்த பக்கத்து வீரன், பழுப்புக் கோட்டு... அமெரிக்க உள்நாட்டுப் போர்ல அடிமைமுறைக்காகச் சண்டை போட்ட தெற்கைத்தானே நல்லவங்களா காட்டுறாங்க?

தொடக்கம் அங்கேதான், மறுப்பதற்கில்லை. கெட்டிஸ்பர்க் போரைப் பற்றிய ஒரு நாவலைப் படித்தபின்தான், தோற்றவர்கள் அதன்பிறகு எப்படி வாழ்ந்தார்கள் என்ற யோசனை வீடனுக்கு வந்தது. தொடர் அடிமைமுறையைத் தோற்றவர்களிடமிருந்து எடுத்துவிட்டது. 'ஷிண்டிக்' தொடக்கத்தில் மால் ஓர் அடிமை வியாபாரியின் காசை அடித்துவிட்டு வருவார். அவருக்கு அடுத்த இடத்தில் துப்பாக்கியோடு நிற்பவள் ஸோயி, ஜினா டாரஸ் என்ற கறுப்பின நடிகை.

ஆனாலும் அந்தப் போரின் வடிவத்தை எடுத்துக்கொண்டு அதன் காரணத்தை மட்டும் கழித்துவிடலாமா என்று கேட்பவர்களிடம் நான் சண்டைக்குப் போவதில்லை. அவர்கள் கேட்பது சரிதான். எனக்கு மால் என்பவர், பெரிய அரசு வந்து உன் நன்மைக்காகத்தான் என்று சொல்லும்போது தள்ளி நிற்கும் ஆள். அப்படித்தான் பார்க்கிறேன். வேறு விதமாகப் பார்க்கும் ஒருவர் அசௌகரியப்பட்டால் அதற்கும் இடம் இருக்கிறது.

சீன மொழியில திட்டுறாங்க, ஆனா கப்பல்ல ஒரு சீனர்கூட இல்லையே?

இது தொடரின் உண்மையான குறை. அமெரிக்காவும் சீனாவும் சேர்ந்துதான் அந்த எதிர்காலத்தை உருவாக்கின என்பது கதையின் அடிப்படை. கடைப் பலகை, உணவு, வசவு எல்லாம் சீனம். சைமன், ரிவர் இருவரின் குடும்பப் பெயர்கூட டாம். அப்படியிருக்க ஒன்பது பேரில் ஒருவர்கூட ஆசிய முகம் இல்லை. சீன மொழி அறிந்தவர்கள் உச்சரிப்பும் கொடுமை என்கிறார்கள். பிடித்த தொடர் என்பதற்காக இதற்குச் சப்பைக்கட்டு கட்ட மாட்டேன்.

வீடன் பத்தி வந்த செய்தியெல்லாம் படிச்ச பிறகும் எப்படிப் பார்க்க முடியுது?

2020, 2021-ல் அவருடைய வேறு படைப்புகளில் வேலை செய்த நடிகர்கள் சிலர், படப்பிடிப்பில் அவர் நடந்துகொண்ட விதத்தைப் பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார்கள். அவர் பின்னர் ஒரு பேட்டியில் பலவற்றை மறுத்தார். நான் குற்றம் சொன்னவர்களை நம்புகிறேன். அதற்காக இந்தத் தொடரை விட்டுவிடத் தோன்றவில்லை. மினியர், எட்மன்சன், ஒன்பது நடிகர்கள், கப்பலைக் கட்டிய தச்சர்கள் வரை அத்தனை பேர் உழைப்பு அது. உங்களால் முடியவில்லை என்றால் பார்க்காதீர்கள், நான் வற்புறுத்த மாட்டேன்.

சீக்கிரம் நின்னதாலதான் இவ்வளவு நல்ல பேர், நாலு வருஷம் ஓடியிருந்தா சொதப்பியிருக்கும்னு என் ஃபிரண்டு சொல்றான்.

சொதப்பியிருக்கலாம். எத்தனையோ தொடர்கள் மூன்றாவது வருடத்தில் தடம் மாறின. ஆனால் இந்த வாதம் எனக்குப் பிடிப்பதில்லை. புக் யார், அலையன்ஸ் அதிகாரிகள் ஏன் அவர் அடையாள அட்டையைப் பார்த்ததும் பதறி வைத்தியம் செய்கிறார்கள் என்பதைத் தொடர் சொல்லாமலே போய்விட்டது. 2010-ல் வந்த ஒரு காமிக்ஸில்தான் பதில் கிடைத்தது. புக்காக நடித்த ரான் கிளாஸ் அந்த முகத்தோடும் குரலோடும் அதை நடித்துப் பார்த்திருக்க வேண்டும். 2016-ல் அவர் காலமானார். இனி அது நடக்காது. சீக்கிரம் நின்றது நல்லதுதான் என்று என்னால் எப்படிச் சொல்ல முடியும்?

அப்போ திரும்ப எடுக்கணும்னு சொல்றீங்களா?

2011-ல் கேட்டிருந்தால் துள்ளிக் குதித்து ஆமாம் என்றிருப்பேன். அந்த வருடம் மாலாக நடித்த நேதன் ஃபிலியன், தனக்கு 30 கோடி டாலர் லாட்டரி விழுந்தால் முதல் வேலையாக ஃபயர்ஃபிளை உரிமையை வாங்குவேன் என்று பேட்டியில் சொன்னார். ரசிகர்கள் அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டு பணம் சேர்க்கக் கிளம்பினார்கள். ஃபாக்ஸின் சொத்துகள் 2019-ல் டிஸ்னியிடம் போய்விட்டன. அதே ஒன்பது பேர் இனி இல்லை. வேறு முகங்களை வைத்து அதே கதையை மறுபடி எடுப்பதில் எனக்கு ஆசை இல்லை. அதே உலகத்தில் வேறொரு கப்பல், வேறு ஆட்கள் என்றால் முதல் நாளே உட்கார்ந்துவிடுவேன்.

ஒரே ஒரு எபிசோட் மட்டும் பார்க்கிறேன், எதைப் பார்க்க?

'அவுட் ஆஃப் காஸ்'. மினியர் எழுதியது. எஞ்சினில் ஒரு சின்னப் பாகம் போய்விடுகிறது, கப்பலில் காற்று தீர்கிறது. எல்லோரையும் இரண்டு சின்ன ஓடங்களில் அனுப்பிவிட்டு மால் தனியாக நிற்கிறார். உதவி ஏதாவது கிடைத்தால் மற்றவர்களைத் திரும்ப அழைக்க, விமானி மேடையில் ஒரு பொத்தான் அமைத்துக் கொடுத்துவிட்டுப் போகிறான் வாஷ். தொடர் நிறுத்தப்பட்டபோது வாஷாக நடித்த ஆலன் டூடிக் அந்தப் பொத்தானைக் கழற்றி வீடனுக்கு அனுப்பினார். அதிசயம் நடந்தால் அமுக்குங்கள், வந்துவிடுகிறோம் என்று அர்த்தம். 2005-ல் எல்லோரும் வந்தார்கள்.

எபிசோடின் கடைசிக் காட்சி பழைய கப்பல்கள் விற்கும் மைதானம். வியாபாரி ஒரு நல்ல கப்பலைக் காட்டி, இது உன் வாழ்நாள் முழுக்க உழைக்கும் என்று விடாமல் பேசுகிறார். மால் தலையாட்டிக்கொண்டே திரும்புகிறார், அவர் பார்வை தூரத்தில் எதிலோ போய் நிற்கிறது. கேமரா மெதுவாக அந்தப் பக்கம் திரும்பும். மைதானத்து மூலையில், யாரும் வாங்காமல், செரினிட்டி நிற்கும்.